பாப்பரசரின் கடிதங்களும் ரீச்சரின் வாழ்த்துச் செய்தியும்

திகதி இல்லாத தாளைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். பிறவிக் குணமா, செய்த வேலையால் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், பெட்டிகளில் அடித்திருக்கும் காலாவதித் திகதி சரியா என்று பார்ப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. வீட்டில் பால் பெட்டியை நான் கையில் எடுத்தாலே மனைவி, "பாத்துத்தான் வாங்கினனான், வையுங்கோ" என்பாள்.

ஓய்வுக்குப் பிறகு பகல் நீண்டுபோனது. நகர மையத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வயதானவர்கள் கட்டணமில்லாமல் வகுப்பில் இருந்து கேட்கலாம் என்று அறிந்து விண்ணப்பித்தேன். நான் கேட்ட வகுப்பில் இடமில்லை. இடமிருந்தது ஐரோப்பாவின் ஆரம்ப மத்திய காலம் பற்றிய வகுப்பில். அதிலும் அந்தப் பருவத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், கத்தோலிக்கப் பாப்பரசர்கள் எழுதிய கடிதங்கள் எந்தெந்தக் கைகளால் படியெடுக்கப்பட்டு எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தன என்பது.

"சைவப்பழம் பாப்பரசரின்ர கடிதம் படிக்கப் போகுது" என்று மனைவி தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னது. "இல்லையடி, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறேல்லை. அவருக்கு ஆரின்ரையோ கடிதத்தில திகதி பாக்கோணும், அவ்வளவுதான்."

அவள் சொன்னது உண்மைதான். முதல் வகுப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். ரோமில் பாப்பரசரின் எழுத்தர்கள், அனுப்பும் கடிதங்களைப் பதிவேட்டில் பதிந்து வைத்தார்கள். பப்பைரஸ் தாளில் எழுதிய அந்தப் பழைய பதிவேடுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. அனுப்பியவரிடம் இல்லை, ஆகவே பெற்றவரிடம்தான் தேடவேண்டும். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பிராங்கிய மன்னர், தன் பாட்டனுக்கும் தகப்பனுக்கும் தனக்கும் ரோமிலிருந்து வந்த கடிதங்கள் பழசாகிச் சிதைவதைப் பார்த்து, எல்லாவற்றையும் தோலேட்டில் படியெடுக்கச் சொன்னார். அந்தத் தொகுப்பு இன்று ஒரே ஒரு கைப்பிரதியாக எஞ்சியிருக்கிறது. அதுவும் மூலமில்லை, படியின் படி.

இவ்வளவு பாடுபட்டு எழுதியவர்கள் செய்த ஒரு காரியத்தைப் பேராசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். பெரும்பாலான கடிதங்களில் திகதியை விட்டுவிட்டார்களாம்.

நான் என்னையறியாமல் தமிழில் "ஐயோ" என்று விட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியைக்கு மொழி தெரியாவிட்டாலும் துக்கம் விளங்கியது. "ஆம், அப்படித்தான்" என்று தலையாட்டினார்.

பிறகு வந்த வாரங்களில் இன்னும் மோசமானவை தெரியவந்தன. திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்தவர்கள் கடிதங்களிலிருந்து பொதுவான விதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு எழுதியது, எந்தச் சிக்கலுக்காக எழுதியது, கடைசியில் என்ன கேட்டிருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. ஒரு பாப்பரசர் ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு அவசரத்துக்கு மூச்சுவாங்க எழுதிய கடிதம், முன்னூறு வருடம் கழித்துக் கல்லில் வெட்டிய வசனம் போல நிற்கிறது. படியெடுத்தவர்கள் அசட்டையாலும் கெடுத்தார்கள், மரியாதையாலும் கெடுத்தார்கள் என்று பேராசிரியை சொன்னார். மரியாதையால் எப்படிக் கெடுக்கலாம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது வேறொன்று. இரண்டு பிரதிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கவேண்டும். அல்லது இரண்டும் வேறொன்றைப் பார்த்து எழுதப்பட்டிருக்கவேண்டும். சரியாக எழுதியவனைப் பிடிக்கமுடியாது. பிழை விட்டவனைப் பிடிக்கலாம். பிழைகளை வைத்து, எந்தப் பிரதிக்கு எது தாய் என்று ஒரு மரம் கீறலாம். காலாவதித் திகதி பார்த்து வாழ்ந்தவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் ஒரு பெட்டியுடன் வந்தார். வீடு வாங்கி விற்கும் முகவர். எனக்குப் பல வகுப்புக் கீழே படித்தவர். வருடாந்த ஒன்றுகூடலுக்கு வெளியிடும் மலரில் சங்கத்தின் வரலாற்றை நான் எழுதவேண்டும் என்றார்.

"பழைய மலரெல்லாம் இதுக்குள்ள கிடக்கு அண்ணை. திகதி, வருசம் எல்லாம் நீங்கள்தான் வடிவாப் போடுவியள்."

எழுதிக் கொடுத்தேன். சில இடங்களில் ஆதாரம் தேடவேண்டியிருந்தது. பாடசாலை நூலகம் திறந்த வருடத்தை, எங்கள் பள்ளியின் முன்னாள் அதிபரின் வாழ்த்துச் செய்தியிலிருந்து எடுத்தேன். அவர் சொன்னால் அதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை. அதிபர் என்று நான் எழுதுகிறேனே தவிர, எங்கள் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவர். இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பியில் மகளுடன் இருக்கிறார். கட்டுரையில் ஒரு சொல் பிழைத்தால் சிவப்பு மையால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "இது யாருடைய பிள்ளை?" என்று ஓரத்தில் எழுதுவார். அந்த வட்டத்துக்குப் பயந்தவர்கள் ரொறன்ரோ முழுவதும் பரந்து கிடக்கிறோம்.

என் வரலாற்றுக் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர்களைச் சும்மா சாப்பாட்டு மேசையில் வரிசையாக விரித்தேன். வாழ்த்துச் செய்திகளை யார் வாசிக்கிறார்கள்? நானும் இத்தனை வருடம் புரட்டிக்கொண்டு போனவன்தான்; கட்டுரைக்குக்கூட அந்த வருடத்தை மட்டும்தான் பொறுக்கினேன். அன்று முழுதாக வாசித்தேன்.

பத்தாம் ஆண்டு மலரில் ரீச்சரின் செய்தி இப்படித் தொடங்கியது: "கொட்டும் பனியையும் பொருட்படுத்தாது கூடியிருக்கும் என் அன்புக்குரிய மாணவர்களே." சரிதான். அந்த வருடம் ஒன்றுகூடல் ஜனவரியில். பெரும் பனிப்புயல்; மலரும் பிந்தித்தான் அச்சானது. பாதிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. கடைசி வரி: "நேரில் வர இயலாமைக்கு வருந்துகிறேன்." நெடுஞ்சாலையே மூடிக் கிடந்த நாளில் விட்பியிலிருந்து யார் வருவது?

அந்தப் புயலுக்குப் பிறகு சங்கம் ஒன்றுகூடலை ஜூலைக்கு மாற்றியது. அடுத்த மலரை எடுத்தேன். அட்டையில் ஜூலை. உள்ளே: "கொட்டும் பனியையும் பொருட்படுத்தாது."

அதற்கடுத்த மலர். கொட்டும் பனி. அதற்கடுத்தது. ரொறன்ரோவில் ஒவ்வொரு ஜூலையும் எங்கள் மாணவர்கள் பனியைப் பொருட்படுத்தாமல் கூடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சந்தோசத்தில் வேர்த்தது. பூதக்கண்ணாடியை எடுத்துவந்தேன். பத்தாம் ஆண்டு மலரில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. அடுத்ததில், "அன்புக்குரிய" என்ற சொல்லுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஸ்கான் செய்த கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மலரிலும் அதே திட்டு, அதே இடத்தில். நடுவில் ஒரு மலரில் பக்கம் சற்றுச் சரிந்துபோய் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் சரிவும் கோடும் திட்டும். ஒருவரும் புதிதாக எழுத்துக் கோக்கவில்லை. போன மலரின் பக்கத்தைப் படமாக எடுத்து இந்த மலரில் ஒட்டியிருக்கிறார்கள். மரம் கீறினேன். கிளையே இல்லாத மரம். தென்னை மாதிரி நேராகப் போனது. இருந்தாலும் என் மரம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திட்டையும் கோட்டையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உதுக்கு மரம் ஏன்? ரீச்சருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டால் முடிஞ்சுது."

"என்னத்தைக் கேக்கிறது?"

"உங்களுக்கு வேற என்ன கேக்கத் தெரியும்? திகதியைக் கேளுங்கோ."

எடுத்தேன். மகள்தான் எடுத்து ரீச்சரிடம் கொடுத்தாள். நான் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டேன். அவருடன் பேசும்போது முதுகு தானாக நிமிரும்.

"ரீச்சர், மலருக்கு நீங்கள் எழுதின வாழ்த்துச் செய்தி என்ன திகதியில எழுதினதெண்டு நினைவிருக்கோ?"

"எந்த வாழ்த்துச் செய்தி?"

"ஒவ்வொரு வருசமும் எழுதினது ரீச்சர்."

"வாழ்த்து ஒருக்காத்தான் எழுதினனான், அந்த ஸ்னோ கொட்டின வருசம். பிறகு எழுதினதெல்லாம் வாழ்த்தில்லையடா. கார் கேட்டு எழுதினது."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். மகளுக்கு மருத்துவமனையில் வேலை. சனிக்கிழமைகளில் லீவு கிடைக்காது. மருமகன் லொறி ஓட்டிக்கொண்டு வாரக் கணக்கில் போய்விடுவார். விட்பியில் அவர்களின் வீடு இருக்கும் புதுக் குடியிருப்பில் பால் வாங்கவும் கார் வேண்டும். ஆகவே சங்கத்தின் அழைப்பு வரும்போதெல்லாம் நன்றி சொல்லி, பிள்ளைகளின் சுகம் கேட்டு, கடைசியில் ஒரு வரி எழுதுவாராம்: யாரும் இந்தப் பக்கத்தால் வந்தால் என்னையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

"பிறகு தபாலில மலர் வரும். திறந்து பாப்பன். நேரில் வர இயலாமைக்கு வருந்துகிறேன் எண்டு கிடக்கும், என்ர பேரில. நான் வருந்தேல்லை, நீங்கள்தான் என்னை வருந்த வைச்சு அச்சடிச்சு அனுப்பினனீங்கள். வரவேண்டாமெண்டு மரியாதையாச் சொல்லினமாக்கும் எண்டு நினைச்சன். கிழவியைத் தூக்கி ஏத்தி இறக்கிறது கரைச்சல்தானே."

"ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே ரீச்சர்."

"ஃபோனில நான் கேட்டால் அது கட்டளை. நீங்களெல்லாம் பயத்தில ஓமெண்டுவியள். கடிதத்தில கேட்டால் விருப்பமெண்டால் வரலாம், இல்லாட்டில் பேசாமல் விடலாம். நீங்கள் பேசாமல் விட்டியள்."

"இந்த வருசமும் எழுதினனீங்களோ?"

"இல்லை. இந்த வருசம் எழுதேல்லை."

மேசையில் என் தென்னை மரம் கிடந்தது. அதைப் பார்க்க இப்போது அவ்வளவு சந்தோசமாக இல்லை.

அன்று மாலையே அஜின்கோர்ட்டில் செயலாளரின் வீட்டுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னதும் அவர் முகம், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையின் முகமாக மாறியது.

"கடிதம் வாறதுதான் அண்ணை. கண்டிப்பா வரும்."

"வாசிக்கிறேல்லையோ?"

"முதல் பக்கம் வாசிப்பன். ரீச்சரின்ர தமிழ், ரீச்சரின்ர எழுத்து… அதை நாங்கள் ரைப் பண்ணி ஒரு கொம்பு விட்டுப்போனால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதோ? பத்தாம் ஆண்டு மலருக்கு ரீச்சர் தானே புரூஃப் பார்த்துத் தந்தவ. அதில கை வைக்கப் பயம். அதைத்தான் அப்பிடியே போடுறது. எனக்கு முந்தி இருந்த செயலாளரும் அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்."

"அப்ப கடிதங்கள்? குப்பையிலயோ?"

"சீச்சீ! என்ன அண்ணை கதைக்கிறியள்!" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. என்னைச் சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையார் படத்துக்குக் கீழே, வெள்ளித் தட்டில், உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. மேல் உறையில் சந்தனப் பொட்டு. "வருசம் தொடங்கேக்க ரீச்சரின்ர ஆசி வீட்டில இருக்கட்டும் எண்டு வைக்கிறனான். பழைய செயலாளர் வைச்சிருந்ததையும் வாங்கி வைச்சிருக்கிறன்."

மரியாதையால் எப்படிக் கெடுக்கலாம் என்று அந்த வாசலில் நின்றபோது விளங்கியது.

அவர் அனுமதியுடன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பழைய சந்தனம் தூளாக உதிர்ந்தது. ஒவ்வொன்றிலும் வலது மேல் மூலையில், ரீச்சரின் உருண்டை எழுத்தில், நாள், மாதம், வருடம், கிழமையும் கூட. என் வகுப்பில் உள்ளவர்கள் இதைப் பார்க்கக் கிடைத்தால் அழுதிருப்பார்கள். ரோமின் பதிவேட்டு அலுமாரி முழுதாக அகப்பட்டதுபோல. ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த ஒரு வரி. முதல் கடிதத்தில் "யாரும் வந்தால்". கடைசிக் கடிதத்தில் "சிரமமில்லையென்றால் மட்டும்".

செயலாளர் என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"மலர் அச்சடிச்சு முடிஞ்சுது அண்ணை. கொட்டும் பனி உள்ளுக்குப் போயிட்டுது."

"மலர் கிடக்கட்டும். ரீச்சரை நான் ஏத்திக்கொண்டு வாறன்."

இரவு ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை.

"பகல் ஃபோனில நான் சொல்லிப்போட்டன் எண்டுதானே வாறீர்? அது கட்டளையாப் போச்சு."

"இல்லை ரீச்சர். கடிதம் வாசிச்சனாங்கள். பதில் போடச் சுணங்கிப்போச்சு."

"அப்ப சரி. எந்தச் சீலை கட்ட?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல மனைவியிடம் கொடுத்தேன். இருவரும் நீண்ட நேரம் பேசினார்கள்.

ஒன்றுகூடல் நாளில் நானும் மனைவியும் விட்பிக்குப் போனபோது ரீச்சர் வாசலிலேயே கதிரை போட்டு இருந்தார். நாவல் நிறப் பட்டு. கைப்பைக்குள் சிவப்புப் பேனை. அதை அவர் மறைக்கவில்லை. 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர் என்று கேட்டார். சொன்னேன்.

"பாப்பரசரின்ர கடிதத்தில அப்பிடி என்னதான் கிடக்கு?"

"அந்த மன்னரின்ர தொகுப்பில இருக்கிறது பெரும்பாலும் உதவி கேட்டுத்தான் ரீச்சர். பக்கத்து அரசன் கரைச்சல் குடுக்கிறான், கெதியா வாங்கோ எண்டு."

"போனவையோ?"

"போனவை. மலை கடந்து போனவை."

"கார் அனுப்பினவை எண்டு சொல்லும்."

"படை அனுப்பினவை."

"எனக்கு ஒரு கார் காணும்" என்றார். பின் இருக்கையில் மனைவி சிரித்த சிரிப்பில் இருக்கை குலுங்கியது.

மண்டப வாசலில் செயலாளர் ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். ரீச்சரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. தலை நரைத்தவர்கள், மொட்டை விழுந்தவர்கள், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொருவரின் வகுப்பையும் அவரவர் செய்த குழப்படியையும் சொல்லிக்கொண்டே முன்வரிசைக்குப் போய் அமர்ந்தார்.

வழக்கமாக மேடையில் வாழ்த்துச் செய்திகளை வாசிப்பதில்லை. மலரில் இருக்கிறது என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆனால் அன்று சங்கத் தலைவர், ரீச்சர் வந்திருக்கும் மகிழ்ச்சியில், வழக்கத்தில் இல்லாத மரியாதை ஒன்று செய்ய நினைத்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய செயலாளர் கொத்துரொட்டி வரவில்லை என்று வெளியே நின்றார். தலைவர் மலரைத் திறந்து, குரலைச் செருமிச் சரிசெய்து, வாசிக்கத் தொடங்கினார்.

"கொட்டும் பனியையும் பொருட்படுத்தாது…"

மண்டபத்தில் குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. வெளியே முப்பது பாகைக்கு மேல் வெயில். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். தலைவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. பிள்ளைகள் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் கடைசிவரை போனார். "…நேரில் வர இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது, நேரே எதிரில் நாவல் நிறப் பட்டில் ரீச்சர் இருந்தார்.

மண்டபம் வெடித்தது. தலைவரும் மேடையில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரீச்சர் என் கையைப் பிடித்து எழுந்தார். ஒலிவாங்கியை அவரிடம் கொண்டுவந்தார்கள்.

"நான் வந்திட்டன். ஒரு வருத்தமும் இல்லை." சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். "என்னில உங்களுக்குப் பயமாம். நல்லது. பயப்பிடுங்கோ. ஆனால் கடிதத்தைக் கடைசிவரை வாசிச்சுப்போட்டுப் பயப்பிடுங்கோ. இன்னொண்டு. பிழை வரக்கூடாதெண்டு நீங்கள் தொடாமல் வைச்சிருந்த அந்தச் செய்தியில ஒரு பிழை இருக்கு. என்ர பிழை. நூலகம் திறந்தது நான் எழுதின வருசமில்லை, அதுக்கு அடுத்த வருசம். ஸ்னோவுக்க அவசரத்தில எழுதினது. திருத்தச் சொல்லி அடுத்த வருசமே எழுதினனான்."

அன்று சாமியறையில் நான் பார்த்தது மூலையில் இருந்த திகதியையும் கடைசி வரியையும் மட்டும்தான். அதே மலரில், சில பக்கங்கள் தள்ளி, என் பெயருடன் அச்சாகியிருந்த வரலாற்றில், நூலகம் அதே பிழையான வருடத்தில் திறந்து கிடந்தது.

திரும்பும் வழியில் ரீச்சரிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாம்தான், ஆனால் அவர் மடியில் மலரை விரித்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில், சிவப்புப் பேனையுடன் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தார். எப்படியும் பிடித்துவிடுவார்.

"ரீச்சர், நூலகத்தின்ர வருசம் நானும் உங்கட செய்தியைப் பாத்துத்தான் போட்டனான்."

"கண்டிட்டன். வட்டம் போட்டாச்சு."

"என்னெண்டு எழுதினனீங்கள்?"

"இது யாருடைய பிள்ளை எண்டு எழுதப் பாத்தன். பிறகு பாத்தால் என்ர பிள்ளைதான். விட்டிட்டன்."

"அப்ப மரத்தில இவரும் ஒரு கொப்பு" என்றாள் பின்னாலிருந்து மனைவி. அதை அவள் மறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மறக்கவுமில்லை.

விட்பியில் வீட்டு வாசலில் இறங்கியதும் ரீச்சர் அந்த மலரை என்னிடம் தந்தார். தன் செய்தி இருந்த பக்கத்தில் நூலகத்தின் வருடத்தைத் திருத்தியிருந்தார். கொட்டும் பனியை வெட்டி "கொளுத்தும் வெயிலையும்" என்று மேலே எழுதியிருந்தார். கடைசி வரியைக் குறுக்கே அடித்து, அதற்குக் கீழே, "நேரில் வந்தேன். கொத்துரொட்டியில் உப்புக் கூடிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வலது மேல் மூலையைப் பார்த்தேன். நாள், மாதம், வருடம், சனிக்கிழமை.

"அடுத்த வருசத்துக்கு இதைப் போடச் சொல்லும்" என்றார்.

"இதையே போட்டால் அதுக்கடுத்த வருசமும் இதுதான் வரும் ரீச்சர்."

"வரட்டும்" என்றார், கதவைத் திறந்துகொண்டே. "நேரில் வந்தேன் எண்டு போட்டால், நீங்கள் என்னைக் கொண்டுவந்து காட்டத்தானே வேணும்."